தம் போட்ட கிடாரமும் குண்டு தேடும் ரோபோவும்

கேம்ப் சமையலுக்குப் போக ஆயத்தமாகிற தம்பிமாரே, வெங்காயம் வெட்டவும் கறி தாளிக்கவும் சொல்லித்தர நான் வரவில்லை. அதெல்லாம் உங்கள் கைபேசியில் கிடக்கிறது. வெளிநாட்டில் இத்தனை காலம் கரண்டி பிடித்தவன் நாலு புத்தி சொல்லுவான் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தளவுக்குப் புத்தி இருந்திருந்தால் நான் ஆப்கானிஸ்தானுக்குப் போயிருக்க மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். துவக்குக்காரன், அதுதான் துப்பாக்கி பிடித்தவன், குசினிக்குள் வந்தால் என்ன செய்வது என்று தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

முதல் பாடம் ஆப்கானிஸ்தானில் இல்லை, இங்கே காரைதீவுச் சந்தியில் நடந்தது. நம்மூர்ச் சண்டைக் காலம். மருதமுனையில் புரியாணி ஆக்கி, தம் போட்ட கிடாரத்தை, அந்தப் பெரிய செப்புப் பானையை, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்றில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனோம். தம் என்றால் தெரியும்தானே, மூடியை மாவு பூசி அடைத்து, மேலே தணல் போட்டு, சோறு தன் ஆவியிலேயே வேக விடுவது. சென்றிக் காவலில் நின்ற சிப்பாய் நெல்மூடைக்குள் குத்திப் பார்க்கிற இரும்புக் கம்பியோடு வந்தான். மூடியைத் திற என்றான். எனக்குத் தொழில் பழக்கிய மனிசன், கோபக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு பாதிச் சிங்களத்திலும் பாதிக் கைச்சாடையிலும் சொன்னார், இப்போது திறந்தால் சோறு கெட்டுவிடும், கொஞ்சம் பொறு, நானே திறக்கிறேன், உனக்கும் ஒரு பீங்கான் சோறு தருகிறேன் என்று. வாசனை அந்தச் சிப்பாயையும் பிடித்துவிட்டது. பொறுத்தான். தின்றான். விட்டான்.

வழியில் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இஞ்ச பாரு மனே, கிடாரத்துட மூடியத் துறக்கிறது சமைச்சவன்ட வேலை. ஆர் துவக்கோட நிண்டாலும் அந்த வேலைய அவன்ட கையில குடுக்கப்படாது."

சோற்றைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வளைகுடாவில் கொஞ்சக் காலம், அங்கிருந்து ஒரு ஏஜன்சிக்காரன் மூலம் ஆப்கானிஸ்தானின் தெற்குப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் படை முகாம். குசினிக்கு நான் பொறுப்பு. களஞ்சியத்துக்குத் திருக்கோவில் யோகன் பொறுப்பு. கடற்றொழில் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, மருந்துக்கும் கடல் இல்லாத நாட்டில் வந்து மாட்டிக்கொண்டவன். வெள்ளிக்கிழமை தோறும் படைக்காரருக்குச் சிங்க இறால் போட வேண்டும் என்று மேலிடத்துக் கட்டளை. சுற்றிவரப் புழுதியும் மொட்டை மலையும். எங்கோ ஒரு சமுத்திரத்தில் பிடித்த இறால், விமானத்தில் வந்து, ஹெலியில் ஏறி, எங்கள் குளிர்ப்பெட்டிக்குள் இறங்கும். யோகன் பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் அதைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, "நீ ஏன்டா இஞ்ச வந்தனீ, நான்தான் குடும்பக் கஷ்டத்துக்கு வந்தன்" என்று கேட்பான்.

அந்த முகாமில் கேணல்மார் ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறுவார்கள். வருகிற ஒவ்வொருவரும் சண்டை அன்றைக்குத்தான் தொடங்கியது என்ற மாதிரி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பக்கத்துக் கிராமத்தில் ஒரு கிணறு இருந்தது. நான் அங்கே இருந்த காலத்தில் அந்த ஒரே கிணற்றை மூன்று கேணல்மார் திறந்து வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ரிபன் வெட்டு, கைதட்டு, படம். ஒவ்வொரு தடவையும் குசினியிலிருந்து கேக் போகும். கிராமத்துப் பெரியவர்களும் முகம் சுளிக்காமல் வந்து கைதட்டிவிட்டுக் கேக்கைச் சாப்பிட்டுப் போவார்கள். மூன்றாவது தடவை அவர்கள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டு அனுப்பினார்கள். போன முறை சொக்லேட் கேக், இந்த முறையும் அதுதானா என்று.

சாப்பாட்டு மண்டப வாசலில் ஒரு ஆளின் படம் ஒட்டியிருந்தது. கறுத்த தாடி, கூர்மையான மூக்கு, இடது புருவத்தில் ஒரு வெட்டு. மலைக்குள் இருக்கிற பெரிய எதிரி இவர், கண்டால் அறிவிக்கவும் என்று கீழே எழுதியிருந்தது. தட்டை எடுக்க வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் மூன்று நேரமும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடப் போவார்கள்.

இனி ஸமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸமத் அந்தக் கிராமத்து ரொட்டிக்காரன். மண் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடுகிற நீட்டு ரொட்டி அவன் கைவேலை. விடிந்ததும் கேற்றில் சோதனை முடித்து வருவான், பின்னேரம் வீட்டுக்குப் போவான். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். நான் வளைகுடாவில் பொறுக்கிய உருதுவில் இருவரும் கதைத்துக்கொள்வோம். என்னை உஸ்தாத், ஆசான், என்பான். அந்த நாட்டில் நான் கடன்பட்ட ஒரே சிநேகிதம் அதுதான்.

கடைசியில் மேலிடம், போதும், முகாமை மூடி அந்த நாட்டு இராணுவத்திடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள் என்றது. கையளிப்பு நாளில் கிராமப் பெரியவர்களுக்கும் அந்த இராணுவத்துக்கும் பெரிய பகல் விருந்து, அவர்களுடைய முறைப்படியே தரையில் இருந்து சாப்பிட வேண்டும் என்று கேணல் ஆசைப்பட்டார். நல்ல ஆசைதான். ஆனால் எல்லைக் கணவாயை மூடிவிட்டதால் காஸ் வரவில்லை. குளிர்ப்பெட்டி நிறையச் சிங்க இறால் இருந்தது, சோறாக்க நெருப்பு இல்லை.

எனக்குக் கை பரபரத்தது. இதெல்லாம் நமக்கு ஒரு கஷ்டமா? நம்மூர்ப் பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்கு எந்தக் காஸ் வந்தது? ஸமத் கிராமத்திலிருந்து நாலு பெரிய செப்புப் பானைகள் கொண்டுவந்தான், அசல் நம்முடைய கிடாரம். சாமான் வந்த மரத் தட்டுகளை உடைத்து விறகாக்கினோம். அன்றைக்குப் புழுதிக் காற்று. நம்மூரில் கச்சான் காற்று அடிக்கிற நாளில் என்ன செய்வோம்? நிலத்தில் நீளமாகக் குழி வெட்டி அடுப்பை அதற்குள் இறக்குவோம். அதையே செய்தேன். மூன்று கிடாரம் ஆட்டிறைச்சிப் புரியாணி, ஒன்று கேணலுக்கென்று தனியாகக் காரம் குறைத்தது. மாவு பூசி மூடியை அடைத்து, தணல் போட்டு, தகரத்தால் மூடி, சூடு போகாமலிருக்க மேலே மண்ணையும் அள்ளிப் போட்டோம். ஸமத் தன் நீட்டு அங்கியோடு மண்வெட்டியால் மண்ணைத் தட்டி ஒழுங்குபடுத்தினான். ரொட்டி சுட நேரமிருந்ததால் அவன் குழியடியில் இருந்தான். நானும் யோகனும் களஞ்சியப் பக்கம் போனோம்.

தம்பிமாரே, அந்த நாட்டில் கிளறிய மண் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வருகிற முதல் நாளே படம் போட்டுக் காட்டுவார்கள், கிளறிய மண்ணைக் கண்டால் கிட்டப் போகாதே, அடியில் குண்டு என்று. ஆனால் அது ரோட்டுக் குண்டுகளைப் பற்றியது, சோற்றைப் பற்றியதல்ல என்று என் மூளை பிரித்து வைத்துவிட்டது. சமையல்காரன் தோண்டினால் அது அடுப்பு என்பது நம்மூர்க் கணக்கு. முகாமுக்கு மேலே கயிற்றில் கட்டிய வெள்ளைப் பலூன் ஒன்று நின்றது, அதன் வயிற்றில் கமரா. கந்தூரி என்றால் என்னவென்று அதற்கு யார் சொல்வது? அது கண்டது, அங்கி போட்ட உள்ளூர் ஆள் ஒருவன் வட்டமான நாலு செப்புச் சாமான்களைச் சூட்டோடு புதைத்து மண்ணால் மூடுவதை.

சைரன் அலறியது. எல்லாரும் பங்கருக்குள் ஓடினோம். பங்கர் நமக்குப் புதிதா, நானும் யோகனும்தான் முதலில் போய் நல்ல இடம் பிடித்தோம். நாலு சந்தேகப் பொருள்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன, புதைத்தவன் கையும் மெய்யுமாகப் பிடிபட்டான், குண்டுப்பிரிவு இருந்த இடத்திலேயே வெடிக்க வைக்கப் போகிறது என்று காவலுக்கு நின்ற சார்ஜன்ட் அறிவித்தார்.

யோகன் மெதுவாக என் தோளைத் தட்டினான். என்னைக் காக்கா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். "காக்கா, நாலு சாமான் எண்டு சொல்லுறான்."

"ஓம். அதுக்கென்ன?"

"நம்மட கிடாரமும் நாலுதானே."

ஓடிப்போய்ச் சார்ஜன்டிடம், ஐயா, அது குண்டில்லை, பகல் சாப்பாடு என்றேன். அவர் ஆறுதலாகக் கேட்டுவிட்டு, ஒரு பொருள் குண்டா இல்லையா என்று உறுதிப்படுத்த உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்றார். அதிகாரம் இல்லை, நான்தான் சமைத்தேன் என்றேன். அப்படியானால் குண்டுப்பிரிவிடம் சொல்லுங்கள் என்றார். அவர்களோடு கதைக்க ரேடியோ வேண்டும். ஆபத்து நீங்கும்வரை ரேடியோவில் வேறு யாரும் வரக்கூடாது. ஆபத்து எப்போது நீங்கும் என்று கேட்டேன். வெடிக்க வைத்த பிறகு என்றார்.

சோறு போனால் போகட்டும். ஸமத்? பிடித்தவனை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஹெலி வருகிறது, பெரிய தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோவார்கள் என்றார். அந்த ஹெலியில் ஏறியவர்களின் கதை எனக்குத் தெரியும். ஆள் எங்கே என்று பெண்சாதி பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் தெரியவராது. குழி தோண்டச் சொன்னவன் நான். ரொட்டிக்காரன் போகப் போகிறான்.

நான் எழும்பினேன். யோகன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"காக்கா, விசரா உங்களுக்கு? வெளியில போனா வெடி வைப்பானுகள்."

"அவன் ரெண்டு பொம்புளப் புள்ளைகளுட வாப்பா யோகன். உடு என்னை."

"அப்ப அந்தக் கரண்டியையாவது வெச்சிட்டுப் போங்க. மேல இருந்து பாத்தா அதுவும் துவக்கு மாதிரித்தான் தெரியும்."

அப்போதுதான் பார்த்தேன், என் கையில் கிடாரக் கரண்டி. பங்கருக்குள் ஓடும்போதும் அதை விடவில்லை. அவனிடம் கொடுத்துவிட்டு, "யா அல்லாஹ், உன்ட காவல்" என்று இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு வெளியில் நடந்தேன். சார்ஜன்ட் நில் நில் என்று கத்திக்கொண்டு துவக்கோடு பின்னால் வந்தார்.

குழியடியில் ஸமத் முழங்காலில் இருந்தான். கைகளைப் பின்னால் பிளாஸ்டிக் வாரால் கட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் "உஸ்தாத்" என்றான். குழிக்கு மறுபக்கம் சிறிய சங்கிலிச் சக்கரங்களோடு ஒரு ரோபோ, நீண்ட கையை ஆட்டிக்கொண்டு என் புரியாணியைப் பார்த்து மெல்ல வந்துகொண்டிருந்தது. மண்மூடைச் சுவருக்குப் பின்னாலிருந்து கேணலின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது: யார் நீ?

"நான் குக், சேர். அது உங்கள் பகல் சாப்பாடு!"

பிறகு, நிரூபி, நாலையும் திற என்றது ஒலிபெருக்கி.

இங்கேதான் தம்பிமாரே, கவனமாகக் கேளுங்கள். தம் முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. நாலையும் திறந்தால் கூடாரத்தில் காத்திருக்கிற விருந்தாளிகளுக்கு அரைவேக்காட்டுச் சோறு. ஒன்றையும் திறக்காவிட்டால் ஸமத்துக்கு ஹெலி. காரைதீவுச் சந்தியில் கேட்டது அந்த நேரத்தில் காதுக்குள் வந்தது. ஒன்றைத் திறக்கிறேன், நானே திறக்கிறேன் என்றேன். எதைத் திறப்பது என்று யோசிக்கவே இல்லை. கேணலுக்கென்று தனியாகப் போட்ட கிடாரத்தைத்தான் திறந்தேன். கெடுவதென்றால் அதைக் கேட்டவரின் சோறு கெடட்டும்.

ஆவி குப்பென்று எழும்பியது. ரோபோ தன் கையை உள்ளே நீட்டியது. கமராவில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, பொருளை அடையாளம் காண முடியவில்லை என்று ஒலிபெருக்கி சொன்னது. கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்தவர்கள் அதற்கு ஒரு மூக்கு வைக்க மறந்துவிட்டார்கள். கடைசியில் தடித்த உடுப்புப் போட்ட குண்டுக்காரர் ஒருவர் தள்ளாடித் தள்ளாடி வந்தார், தலைக்கவசத்தைக் கழற்றினார், குனிந்து மூச்சை இழுத்தார். "ஏலக்காய்" என்றார். பிறகு ஒருமுறை, தேவையே இல்லாமல், மறுபடியும் மணந்து பார்த்தார்.

கேணலுக்குத் திருப்தியில்லை. மற்ற மூன்றும்? எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று உலகமே சொல்கிறது, இவருக்கு நாலு பானையும் வேண்டுமாம். நான் போய் மற்ற மூன்று கிடாரங்களுக்கும் மேலே, மண்மேட்டில், சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டேன். குண்டென்றால் முதலில் நான் போகிறேன், சோறென்றால் அரை மணித்தியாலம் பொறுங்கள் என்றேன். அடியில் தணல். அது எந்த மாதிரி இருக்கை என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஸமத்தை விடச் சொன்னேன். அவன் குற்றமற்றவன் என்று சொன்னேன், யாரும் அசையவில்லை. அது விசாரணையில் தெரியவரும் என்றார்கள். அவனுக்குக் குடும்பம் இருக்கிறது என்றேன், அசையவில்லை. அப்போது ஒன்று தோன்றியது. "சேர், நிகழ்ச்சி நிரலில் சூடான ரொட்டி என்று இருக்கிறது. ரொட்டியை யார் சுடுவது?"

கேணல் யாருடனோ கதைத்தார். சார்ஜன்ட் வந்து கைவாரை வெட்டிவிட்டார். நீதிக்காக விடவில்லை, ரொட்டிக்காக விட்டார்கள். எதற்காகவோ விட்டார்கள்தானே. ஸமத் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நேரே மண் அடுப்புக்குப் போனான். எனக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

இவ்வளவும் நடக்கும்போது விருந்தாளிகளிடம் எவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களைப் பதற்றப்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அவர்கள் கூடாரத்துக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மருதாணி போட்ட செந்தாடிப் பெரியவர் ஒருவர் மட்டும், சோறு எப்போது வரும் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டாராம்.

தம் முடிந்தது, நானே திறந்தேன், சோறு மல்லிகையாக மலர்ந்திருந்தது. நம்மூர் முறைப்படி சவனில் போட்டேன். ஒரு பெரிய தட்டு, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவது. ஆறு பேர் சேராமல் கை வைப்பது எங்களுக்கு மரியாதையில்லை. செந்தாடிக்காரரின் சவனில் ஐந்து பேர்தான் இருந்தார்கள், அதில் ஒருவர் அந்தச் சார்ஜன்ட். ஆறாவது ஆளாக ஸமத்தை இழுத்து உட்கார வைத்தேன். காலையில் துவக்கோடு பின்னால் வந்தவரும் முழங்காலில் இருந்தவனும் ஒரே தட்டில். செந்தாடிக்காரர் ஸமத்தின் மணிக்கட்டில் இருந்த சிவந்த தடத்தைப் பார்த்தார். நல்ல இறைச்சித் துண்டாகத் தேடி அவன் பக்கம் ஒன்றையும் சார்ஜன்ட் பக்கம் ஒன்றையும் தள்ளி வைத்தார். கேணலின் சவனில் சோறு நறுக் நறுக்கென்றது. அவர் மென்று மென்று, இதுதான் அசல் உள்ளூர்ச் சுவை என்று எல்லாரிடமும் சொன்னார்.

இரண்டு நாளில் எங்களை ஏற்றிவிட்டார்கள். ஸமத் கேற்றுவரை வந்தான். என்னையும் கூட்டிக்கொண்டு போக முடியாதா என்று கேட்டான். நானே கழுத்தில் இலக்கம் தொங்குகிற ஒரு சாமான், உன்னை எப்படி ஏற்றுவேன் என்றேன். கட்டிப்பிடித்தோம். அந்தப் பயணம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊருக்கு வந்து ஓய்ந்த பிறகு ஒரு நாள் அந்த நாட்டு அரசாங்கம் விழுந்தது. கல்முனைத் தேத்தண்ணிக் கடைகளில் எல்லாரும் இராணுவ நிபுணர்களாக இருந்தார்கள். மலைக்காரர் எந்தப் பக்கத்தால் வந்தார்கள், கேணல்மார் எங்கே பிழைவிட்டார்கள் என்று வடையைக் கடித்துக்கொண்டு விளக்கினார்கள். நான் தொலைக்காட்சியில் விமானத்துக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்குள் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்நியனுக்கு ரொட்டி சுட்டவனை அவர்கள் என்ன செய்வார்கள்? ஸமத்தின் இலக்கத்துக்கு அடித்து அடித்து விரல் ஓய்ந்தது. ஒவ்வொரு தொழுகையிலும் அவன் பேரைச் சொன்னேன்.

போன நோன்புப் பெருநாள் முடிந்த ஒரு காலையில் கைபேசி அலறியது. "உஸ்தாத்!"

ஸமத்தேதான். அவன் அவசரமாகச் சொல்லிக்கொண்டு போனான். அரசாங்கம் விழுந்த அன்றைக்கே துவக்குக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்களாம். பிள்ளைகளை உள்ளறையில் விட்டுவிட்டு இவன் வெளியில் வந்து முழங்காலில் இருந்தானாம். தலைவர் வாகனத்திலிருந்து இறங்கினாராம். செந்தாடி. இவனுடைய மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாராம். "நீ என் தட்டின் ஆறாவது ஆள்" என்றாராம். எழுப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாராம். அந்த நாளில் இவன் தன் கைபேசியை உடைத்துப் புதைத்துவிட்டான். என் இலக்கத்தை இப்போதுதான் தேடிப் பிடித்தானாம்.

"உஸ்தாத், இடது புருவத்தில் ஒரு வெட்டு. கவனித்தீர்களா?"

சாப்பாட்டு மண்டப வாசலின் படம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தாடி மட்டும்தான் நிறம் வேறு. பலூனும் ரோபோவும் ஒரு முகாம் நிறைந்த பட்டாளமும் என் கிடாரத்தைக் குத்திக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் வருடக்கணக்காக மலையெல்லாம் தேடிய ஆள், விருந்தினர் அட்டை குத்திக்கொண்டு கூடாரத்துக்குள் இருந்து சோறு எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் பெண்சாதி குசினியிலிருந்து ஓடி வந்து, "அல்லாஹ்வே, என்ன நடந்த உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"இப்போது எங்கே இருக்கிறாய் ஸமத்?"

"அதே முகாமில், உஸ்தாத். அதே குழியடியில். தலைவருக்கு அன்றைக்குத் தின்ற சோறுதான் வேண்டுமாம், விருந்து. நாலு பானையையும் புதைத்துவிட்டேன். இந்தக் காவல் பையன்கள் புதிது, அன்றைக்குச் சாப்பிடாதவர்கள். துவக்கைப் பிடித்துக்கொண்டு, உள்ளே என்ன, திற திற என்கிறார்கள். என்ன செய்ய?"

பின்னால் பையன்கள் கத்துவது எனக்கும் கேட்டது.

"தலைவருடைய பானையை மட்டும் திற. நீயே திற. மற்றதுகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்."

கைபேசியில் கொஞ்ச நேரம் ஏதோ உருளும் சத்தம், கத்தல். காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஸமத்தின் குரல் வந்தது.

"உஸ்தாத், சுடுது."

"சுடத்தான் செய்யும். எழும்பாதே" என்றேன்.